பன்னிரண்டாம் அத்தியாயத்தில் வார்லோ இறக்க வேண்டும்

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் பிறந்தது. கேட்டவன் ஆறாம் வகுப்புப் பையன், வாயில் சூயிங்கம்.

"சார், நீங்க எப்ப சாவீங்க?"

கேட்கப்பட்டவர் கிளைட் ஹோபன். டெலவேர் ஆற்றங்கரையில், அமெரிக்காவை நிறுவிய தலைவர்களில் ஒருவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே வெகுகாலமாக அந்தத் தலைவரின் வேடம் கட்டுகிறவர் கிளைட். (தலைவரின் பெயர் ஜெடிடயா வார்லோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்த பெயர்தான். அரசியல் சாசனத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் பட்டியலில் தேடினால் கிடைக்காது.) அந்த வீட்டுக்குள் எப்போதும் 1791ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். வேடத்தில் இருப்பவருக்கு அதற்குப் பிறகு நடந்த எதுவும் தெரியக் கூடாது. ரயில் தெரியாது, தொலைபேசி தெரியாது, தன் சாவும் தெரியாது. இது அங்கே விதி.

வருகிற ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பிள்ளையாவது கேட்கும் கேள்வி அது. கிளைட்டிடம் பதில் தயாராக இருக்கும்: "ஏம்ப்பா, சவப்பெட்டிக்கு அளவெடுக்க வந்தியா?" எல்லோரும் சிரிப்பார்கள். அன்றும் அதையே சொன்னார், அன்றும் சிரித்தார்கள். மனைவி மார்னியை அடக்கம் செய்துவிட்டு அவர் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அது.

[இப்படியே போனால் கண்ணீர்க் கதையாகிவிடும். வேறு மாதிரி தொடங்கிப் பார்க்கிறேன்.]

2

மார்னி ஹோபன் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக ஜெடிடயா வார்லோவின் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்து

இல்லை, முடிக்கவில்லை. பதினோரு அத்தியாயங்கள் எழுதினாள். வார்லோவின் குதிரை, தோற்ற தேர்தல், பிலடெல்பியாவில் கதவைச் சாத்திக்கொண்டு தலைவர்கள் வியர்த்து வாதாடிய கோடை, எல்லாம் எழுதினாள். பன்னிரண்டாவதில் அவர் இறக்க வேண்டும். அதைத்தான் எழுதவில்லை. நோயைக் காரணம் சொல்ல முடியாது. நோய் வருவதற்கு வெகு முன்பே நிறுத்திவிட்டாள்.

கிளைட் காரணம் கேட்டதில்லை. அந்தக் கிழவனைக் கொல்ல அவளுக்கு மனம் வரவில்லை என்று தானாகவே முடிவு செய்துகொண்டார்.

(கிளைட் நான்தான் என்பதை இதற்குள் ஊகித்திருப்பீர்கள். மறைக்கும் எண்ணம் இல்லை. 'நான்' என்று தொடங்கியபோது மூன்று வரிக்கு மேல் ஓடவில்லை. இத்தனை வருடங்களாக நான் 'நான்' என்று சொல்லும்போதெல்லாம் அது வார்லோவாகவே இருந்திருக்கிறது. அதனால் எழுதுகிறவன் மட்டும் நான். வீட்டிலும் வேலையிலும் நடமாடுகிறவர் அவர்.)

3

பதிப்பகத்திலிருந்து பிரிசில்லா அழைத்தார். மார்னியின் பதிப்பாசிரியர்; கிளைட் அவரை நேரில் பார்த்ததில்லை.

"ஹோபன் சார், சங்கடமான நேரத்துல கேக்குறேன்."

"கேளுங்க."

"பள்ளிக்கூடம் திறக்கறப்ப புத்தகம் கைல இருக்கணும். இந்த மாசக் கடைசிக்குள்ள கடைசி அத்தியாயம் வேணும். இல்லைன்னா எங்ககிட்ட ஒருத்தர் இருக்கார். நல்லா எழுதுவார்."

"அட்டையில யார் பேரு வரும்?"

"மார்னி பேருதான் பெருசா வரும். கீழ அவர் பேரு, சின்னதா."

"வேணாம். மார்னி பேரு மட்டும்தான் இருக்கணும். நானே எழுதித் தர்றேன். என் பேரைப் போட வேணாம்."

"நீங்க இதுக்கு முன்னாடி எழுதியிருக்கீங்களா?"

"அந்த மனுஷனாத்தானே தினம் நிக்கறேன்."

"அப்ப அவரோட கடைசி வார்த்தை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அதைப் போடுங்க, பசங்களுக்குப் பிடிக்கும்."

வார்லோவின் கடைசி வார்த்தை யாருக்கும் தெரியாது. கிளைட்டுக்குத் தெரிந்த கடைசி வார்த்தைகள் மார்னியுடையவை: "வண்டிய எங்க நிறுத்தின? ஆம்புலன்ஸ் வர்ற வழியிலயா? இழுத்துட்டுப் போயிடப் போறாங்க."*

* இதைச் சேர்க்கலாமா என்று தயங்கினேன். இருக்கட்டும். கடைசி வார்த்தைகள் பெரும்பாலும் இந்த ரகமாகத்தான் இருக்கும்.

4

முதல் முயற்சி: பனி கொட்டிக்கொண்டிருந்தது. வார்லோ தலையணையில் சாய்ந்தபடி, "இந்தக் குடியரசு..." என்றார்.

(குடியரசு என்ன? இட்டுக்கட்டியதை வரலாறு என்று சொல்லிப் பிள்ளைகள் கையில் கொடுக்க மார்னி விடமாட்டாள். அடித்தாயிற்று.)

இரண்டாம் முயற்சி: 1793 பிப்ரவரியில், கடும் காய்ச்சலில், வார்லோ

(இந்த வாக்கியத்துக்கு ஒரே ஒரு வினைச்சொல் பாக்கி. கிளைட் அதைப் போடாமலே மேசையை விட்டு எழுந்துவிட்டார்.)

மூன்றாம் முயற்சியை மதியச் சாப்பாட்டின்போது வெர்லீனிடம் காட்டினார். வெர்லீன் அந்த வீட்டுச் சமையற்கட்டில் டைனாவாக நிற்பவர். வார்லோ அடிமையாக வைத்திருந்த கறுப்பினப் பெண் டைனா. அந்த வீட்டில் சமைத்தவள். வேடம் கலைத்த பிறகும் கிளைட்டை 'எஜமான்' என்று கூப்பிட்டுச் சீண்டுவது வெர்லீனுக்குப் பொழுதுபோக்கு.

"என்ன எஜமான், இன்னும் உசுரு போகலியா?"

"மூணு தடவை முயற்சி பண்ணிட்டேன்."

"ஒழுங்கா சாகக்கூடத் தெரியல, இவங்கல்லாம் நாட்டை நிறுவினாங்களாம்."

வெர்லீன் முட்டை ரொட்டியைக் கடித்துக்கொண்டே வாசித்தார். வாசித்துவிட்டு எண்ணெய் படாமல் தாளை ஓரமாக வைத்தார்.

"படுக்கை இருக்கு, பனி இருக்கு, பொண்டாட்டி அழுகை இருக்கு. நான் எங்க?"

"டைனா கீழ சமையற்கட்டுல இருந்திருப்பா."

"என்ன பண்ணிக்கிட்டு?"

கிளைட் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உனக்கு அது சாவு, கிளைட். எனக்கு அது ஏலம், சொத்தோட சொத்தா என்னையும் வித்துருவாங்க. மார்னி இங்கதான் உக்காந்து கேட்டா. அவர் போன மறுநாள் காலையில, டைனாவா நீ என்ன நெனச்சிருப்பன்னு. எனக்கு எப்படிடி தெரியும்னேன். எனக்கும் தெரியல, அதான் புத்தகம் நிக்குதுன்னா."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"நீ கேட்டியா?"

டைனாவைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான். வார்லோவின் அண்ணன் மகன் அவளை ஏலத்தில் எடுத்து மேரிலாந்துக்குக் கொண்டுபோனான். அதற்கப்புறம் எந்தக் காகிதத்திலும் அவள் இல்லை.

5

அடுத்த பள்ளிக்கூடம் வந்தது. பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு மாணவி அதே கேள்வியைக் கேட்டாள். சவப்பெட்டிப் பதிலுக்குத்தான் கிளைட் வாயைத் திறந்தார்; வந்தது வேறு.

"இந்தக் குளிர்காலம் போய் அடுத்த குளிர்காலத்துல," என்றார். "பிப்ரவரி. மாடியில, இடதுபக்க அறை. காய்ச்சல்."

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் சமையற்கட்டு வாசலில் நின்ற வெர்லீனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப உங்களுக்கு என்ன ஆகும்?"

இத்தனை வருடங்களில் வெர்லீனிடம் இதை யாரும் கேட்டதில்லை. ரொட்டி எப்படிச் சுடுவது, பாத்திரம் கனக்குமா, இதைத்தான் கேட்பார்கள். வெர்லீன் கரண்டியை வைத்துவிட்டுப் பதில் சொன்னார். வேடத்தை விட்டு வெளியே வராமல், நீளமாகவே சொன்னார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே பேருந்து ஓட்டுநர் இரண்டு முறை ஒலி எழுப்பியும் யாரும் எழுந்திருக்கவில்லை.

[இங்கே அவர் சொன்னது வர வேண்டும். எழுதிப் பார்த்தேன், ஒரு பக்கம் வந்தது. என் டைனா அழகழகாகப் பேசினாள். வெர்லீன் அப்படிப் பேசவில்லை. கிழித்துவிட்டேன்.]

6

அன்று மாலை கிளைட் அந்த வாக்கியத்தை முடித்தார்: 1793 பிப்ரவரியில், கடும் காய்ச்சலில், வார்லோ இறந்தார். எழுதிய பிறகு பார்த்தால் சாதாரண வாக்கியம். அடுத்த வாக்கியம் தன்னிடம் இல்லை என்பதும் தெரிந்தது.

அதை எழுதித் தர முடியுமா என்று வெர்லீனிடம் கேட்டார்.

"எழுதறேன்," என்றார் வெர்லீன். "ஆனா அட்டையில என் பேரு வரணும். மார்னி பேரு என்ன அளவோ அதே அளவு."

"அட்டை அவளுக்கு மட்டும்னு சொல்லி வெச்சிருக்கேன், வெர்லீன்."

"அது உன் பாடு. பேரு இல்லாம எழுதிக் குடுத்துட்டு மேரிலாந்து போக நான் டைனா இல்ல."

கதை இங்கே நிற்கிறது. நாளையோடு மாதம் முடிகிறது. ஒரு முடிவில், மார்னியின் பெயர் மட்டும் அட்டையில் இருக்கிறது. புத்தகம் வார்லோவின் படுக்கையோடு, அவள் நிறுத்திய இடத்துக்கு ஒரு வரி தள்ளி, முடிகிறது. இன்னொன்றில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன, அந்த மறுநாள் காலையும் இருக்கிறது. எது வேண்டும் என்பதை வாசிக்கிறவர்களிடம் விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

இதுவரை எழுதியதை வெர்லீனிடம் வாசிக்கக் கொடுத்தேன்.

"நீ என்ன பண்ணினன்னு இதுல வரலியே."

"வாசிக்கிறவங்க முடிவு பண்ணட்டும்னு விட்டிருக்கேன்."

"அவங்க வீட்டுப் புத்தகமா அது? போனை எடு."

எடுத்தேன். மறுமுனையில், பிரிசில்லாவின் மேசையில், மணி அடிக்கிறது. வெர்லீன் ஒரு தாளில் தன் முழுப் பெயரையும் எழுதி, பதிப்பகத்தார் எழுத்தைத் தப்பாகப் போட்டுவிடக் கூடாது என்று, அதை என் பக்கம் நகர்த்துகிறார்.