எட்டு யானைத் துளை

ஒரே ஒரு துளை போட்டு எட்டு யானைகளைக் காணாமல் அடித்தவன் நான். நம்பாதவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்ன லோடு வண்டிக்கு அடியில் ஸ்டெப்னி டயரைத் தாங்கும் இரும்புப் பிடி என் கைவரிசை. கம்ப்யூட்டர் திரையில் பாரம் படாத இடம் நீலமாகத் தெரியும். நீலத்தைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். அங்கே போட்டேன் துளையை. வண்டிக்கு நூற்றெண்பது கிராம் மிச்சம், இரண்டு லட்சம் வண்டிக்கு முப்பத்தாறு டன். கம்பெனியில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

ஓய்வு பெற்றுச் சந்தவாசலில் குடியேறிய பிறகு, தேன் வாங்க ஜமுனாமரத்தூர் போனேன். அங்கே புளி வியாபாரி வேடியப்பன் தன் டிரைவர் முனிசாமியை வேலையை விட்டு நிறுத்திக்கொண்டிருந்தார். ஸ்டெப்னியைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து விற்றுவிட்டானாம். முனிசாமி சாவியை வைத்துவிட்டு நடந்தான். திருடன் என்று பெயரெடுத்தவனுக்கு இனி அந்த மலையில் யார் சாவி தருவார்கள்?

அவன் ஓட்டிய வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பிடி பாதியாக உடைந்திருந்தது, சரியாக என் துளை வழியாக. மிச்சப் பாதியில் கயிறு அறுத்த தடம். மலையில் மூட்டைகளை உயரமாக அடுக்கி, கயிற்றை அந்தப் பிடியில்தான் இழுத்துக் கட்டுகிறார்கள். நான் டயரை மட்டும்தான் கணக்கில் எடுத்தேன். மூட்டை கட்டுகிற எவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாயைத் திறக்காமல் வீடு திரும்பினேன். எட்டு யானைகளும் என் நெஞ்சில் உட்கார்ந்து கரும்பு தின்றன. கம்பெனிக்குக் கடிதம் எழுதிப் போட்டேன். ஒரு யானைகூட எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் வேடியப்பனிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இன்னா சார், ஓட்டை போட்டது நீங்க, டயரு தானா எறங்கிப் போய்ட்ச்சா? முனிசாமி சொல்லி அனுப்சானா?"

வண்டியை எடுக்கச் சொன்னேன். வளைவுக்கு வளைவு இறங்கித் தேடினோம். பாதி மலையை நான் தவழ்ந்தே அளந்தேன். ஏழாவது வளைவுக்குக் கீழே, அம்மாக்கண்ணு என்பவரின் சாமை நிலத்தில் டயர் கிடந்தது. மேலேயிருந்து உருண்டு வந்து வேலியைச் சாய்த்ததற்காக அந்த அம்மாள் எங்களை மூச்சுவிடாமல் வைதார். டயரோடு பிடியின் மறுபாதியும் தொங்கியது.

வேடியப்பன் அந்தத் துண்டோடு வண்டிக்கடியில் படுத்தார். பொருத்திப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நெசந்தான் சார். தானாத்தான் வுழுந்துகீது. போனைக் குடுங்க. முனிசாமிகிட்ட மொதல்ல நான் பேசறேன், அப்பறம் நீங்க பேசுங்க."