ஜெகதீஸ்வரனுக்கு வைத்த மீசை

வெண்ணந்தூரிலிருந்து உள்ளே போகும் தார்ரோட்டில், மரவள்ளிக் காட்டு முனையில் நிற்கிற ராணுவ வீரன் சிலையைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "இம்மாம் பெரிய மீசையா?" என்பதைத்தான். வசந்தாமணியும் அதையேதான் கேட்டாள். பெற்றவள் கேட்டதால் யாரும் காதில் வாங்கவில்லை.

அவள் மகன் ஜெகதீஸ்வரன் எல்லைச் சண்டையில் செத்துப்போனான். பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பெட்டியில் வந்து இறங்கினான். கொடி போர்த்தி, துப்பாக்கி வெடித்து, எரித்து, சாம்பலைக் காவிரியில் கரைத்தும் ஆயிற்று. வந்த பெரிய மனிதர்களில் பாதிப் பேர் பெட்டியைவிடக் கேமராவைத்தான் அதிகம் பார்த்தார்கள் என்று பக்கத்து வீட்டுத் தெய்வநாயகி ஊரெல்லாம் சொன்னாள். அவளும் முன்வரிசையில் நின்றுவிட்டு, சாயங்காலம் டிவி நியூசில் தன்னைத் தேடியவள்தான்.

அப்புறம் துக்கம் கேட்க வந்தார்கள். இந்தப் பக்கத்துத் துக்கம் சும்மா கேட்டுவிட்டுப் போகிற துக்கமா? வாசலில் செருப்பை விடும்போதே குரல் எடுக்க வேண்டும். உள்ளே வந்து கட்டிப்பிடித்து அழ வேண்டும். வீட்டுக்காரியும் எழுந்து ஈடு கொடுக்க வேண்டும். நாமகிரிப்பேட்டையிலிருந்து வேன் பிடித்து வந்தவளுக்கும் அதே அழுகை, எதிர்வீட்டுக்காரிக்கும் அதே அழுகை. வந்தவள் மூக்கைச் சிந்தி, காபி குடித்துக் கிளம்புவாள். அவள் போட்ட செருப்புத் தடம் அழிவதற்குள் அடுத்தவள் வந்துவிடுவாள். வசந்தாமணிக்குக் கண்ணீர் வற்றிப்போய், இடுப்பு விட்டுப்போய், படுத்தாலும் தூக்கம் வராமல் போயிற்று. "கல்லாட்டம் குந்தீட்டு இருக்கறா பாரு, பெத்தவளா அவ?" என்று, வேன் ஏறுவதற்குள்ளேயே பேசிக்கொண்டார்கள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். யாரும் வந்து கட்டிப்பிடிக்காத இடத்தில், மகன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். எரித்த இடத்துக்குப் பெண்கள் போகக்கூடாது. காவிரியில் எந்தத் தண்ணீர் என்று போய் உட்காருவது? அதனால்தான், போர்வெல் ரிக் வைத்திருக்கும் தங்கசாமி சிலை வைக்கிற பேச்சை எடுத்ததும், கணவன் சென்னிமலை வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "நம்ம காட்டு முனையிலயே வெச்சிருங்கண்ணா."

தங்கசாமி தாராளமான ஆள். பூமிக்குள் ஆயிரம் அடிவரை விசாரித்துத் துளை போடுகிறவர், சிலை செய்கிறவரைப் பற்றி மட்டும் விசாரிக்கவில்லை. தெரிந்த ஆள் என்று கொடுத்துவிட்டார். தெரிந்த ஆளோ ஆயுசு முழுக்க முனியப்பன் செய்தவர். ஜலகண்டாபுரத்துப் பக்கம் அவர் கைபடாத முனியப்பன் குறைவு. அப்படிப்பட்டவரிடம் ஜெகதீஸ்வரன் போட்டோவைக் கொடுத்தால் என்ன வரும்? உருட்டி விழிக்கிற கண்ணும், காதுவரை முறுக்கிய மீசையும் வந்தன. அரிவாள் இருக்கவேண்டிய கையில் துப்பாக்கி. சட்டை மட்டும்தான் பட்டாளத்துச் சட்டை.

துணியை விலக்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள்.

"அண்ணா, எம் பையனுக்கு மீசையே ஒழுங்கா மொளைக்கலீங்களே" என்றாள் வசந்தாமணி.

"வீரன்னா மீசை இருக்கோணும் அம்மிணி. ரோட்ல போற லாரிக்காரனுக்குத் தெரிய வேண்டாமா?"

லாரிக்காரனுக்கு நன்றாகவே தெரிந்தது. ஒருநாள் பிரேக் பிடிக்காமல் வந்த லாரி ஒன்று, சிலைக்கு முன்னால் மண்ணில் புதைந்து நின்றது. டிரைவர் இறங்கி மீசையைப் பார்த்தார். முனியப்பன்தான் என்று முடிவு கட்டி, மறுநாளே தேங்காய் உடைத்தார். அடுத்த வாரம் டயருக்கடியில் வைக்க எலுமிச்சம்பழத்தோடு இரண்டு லாரி நின்றன. ஒருவருக்குக் காணாமல் போன மாடு திரும்பி வந்தது. சிலை முன்னால் சுருட்டு வைத்தார்கள். உயிரோடு இருந்தபோது சுருட்டு வாடைக்கே குமட்டல் எடுக்கிற பையன். பிறகு வேல் வந்தது, மணி வந்தது. தங்கசாமி மேலே தகரம் போட்டு, அமாவாசைக்கு அமாவாசை பூசை என்று அறிவித்தும் விட்டார்.

இத்தனைக்கும் நடுவில் வசந்தாமணி பொழுதுசாயும் நேரத்தில் வந்து, சிலையின் காலடியில் உட்கார்ந்துவிட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் தங்கசாமி குறுக்கே வந்து நின்றார்.

"அம்மிணி, தப்பா நெனைச்சுக்காத. வருசம் திரும்பற வரைக்கும் நீ கோயிலுக்கு வரக்கூடாதல்ல? உனக்குத் தீட்டு."

"எந்தத் தீட்டுங்கண்ணா?"

"அதான்… ஜெகதீசு தவறுன தீட்டு."

பின்னாலேயே வந்திருந்த தெய்வநாயகி இன்னும் ஓரடி கிட்டே வந்து காது கொடுத்தாள்.

"அப்ப இங்க நிக்கறது ஆருங்கண்ணா?"

"இது சாமி, அம்மிணி."

"அவன் செத்ததுல எனக்குத் தீட்டு. செத்தவனுக்குத் தீட்டு இல்லீங்களா?"

தங்கசாமி துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். "சட்டம் பேசாத அம்மிணி. ஊரு நல்லா இருக்கோணுமல்ல?"

சென்னிமலை வந்து கையைப் பிடித்தார். "வா, ஊட்டுக்குப் போலாம்."

"நம்ம காடுதானுங்க இது?"

"காடு நம்முளுது. சாமி ஊருது. வா." மகன் போனதிலிருந்து அந்த மனிதர் சேர்ந்தாற்போல் பேசியது அவ்வளவுதான். சண்டை போட அவரிடம் தெம்பு இல்லை. அவளிடமும் இல்லை. இருவரும் வீட்டைப் பார்த்து நடந்தார்கள்.

அவள் கேட்ட கேள்வியைத் தெய்வநாயகி வீடுவீடாகக் கொண்டுபோனாள். சொல்லச் சொல்லக் கேள்வி கொஞ்சம் வளர்ந்தது. கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு அமாவாசைக்குத் தேங்காய் வாங்கினார்கள்.

அமாவாசையன்று சாயங்காலம் கூட்டம் நெரிந்தது. வசந்தாமணி ரோட்டு வழியாக வரவில்லை. மரவள்ளிச் செடிகளுக்குள் புகுந்து, காட்டுப் பக்கமிருந்து சிலைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

முனியப்பனைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தே பழகிய சிற்பிக்கு முதுகு செய்யத் தெரியாது. ஏதோ பூசி, பெயிண்ட்கூட அடிக்காமல் விட்டிருந்தார். அங்கே மீசை இல்லை, முழி இல்லை. ஒல்லியாய், பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு பையன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

அவள் கீழே உட்கார்ந்து அதில் முதுகைச் சாய்த்தாள். பகல் வெயிலில் சிமெண்ட் கதகதப்பாக இருந்தது.

எது எங்கே நடந்தாலும் மூக்கை நீட்டுகிற தெய்வநாயகிதான் முதலில் எட்டிப் பார்த்தாள். அவள் முன்பக்கம் திரும்பி வராததால், கற்பூரத் தட்டோடு தங்கசாமியும் வந்து பார்த்தார். பெண்டாட்டி போன இடம் தெரிந்தும் தெரியாதவர்போலச் சென்னிமலை வரப்பில் நின்றார்.

"ஏனுங்கண்ணா, எழுப்பீராதீங்க" என்றாள் தெய்வநாயகி. "தூங்கி எத்தனை நாளாச்சோ!"

"தீட்டு புள்ள! பூசை நேரத்துல…"

"சாமி முன்னாடிதானுங்க இருக்குது. பின்னாடி வெறும் சிமெண்ட்டு."

இதைச் சொன்னது தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். தூக்கத்தில் வாய் பிளந்து கிடந்த வசந்தாமணியின் முகத்தைத் தங்கசாமி பார்த்தார். முன்னால் கூட்டம் முணுமுணுத்தது. "சாமிக்கு நேரமாவுதுங்கோ!" என்று எவரோ கத்தினார்கள். அவர் திரும்பிப் போய்க் கற்பூரத்தைக் கொளுத்தினார்.

மணி அடித்தது. தகரம் அதிர்கிற மாதிரி விடாமல் அடித்தது. வசந்தாமணியின் தூக்கம் கலையவில்லை.