பச்சைப் புள்ளி

கிணிகிணியென்று அலாரம் அலறியது, கை தானாகப் போய் அதை அடக்கியது, கண்மருந்து வேளை, பெட்டியை இன்னும் பூட்டவில்லை, டாக்ஸிக்காரர் வேறு கிளம்பிவிட்டேன் என்று சொல்லிவிட்டார்... பூட்டுவது அப்புறம், முதலில் அண்ணன் கண். அவன் முடிவெட்டிக்கொள்ள வந்தவன் மாதிரி நாற்காலியில் முகத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். "வாங்க இன்ஸ்பெக்டர், கடைசி ரெய்டா?" என்றான். வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை. "ஆடாம இருண்ணா" என்று, கீறல் இருந்தால் நீல வெளிச்சத்தில் பச்சையாகக் காட்டும் சாயப் பட்டையை நனைத்து இடது இமைக்குள் தொட்டாள். மற்றவர்கள் என்றால் துள்ளியிருப்பார்கள், இவன் சிமிட்டக்கூட இல்லை, சிமிட்ட வேண்டும் என்று அந்தக் கண்ணுக்கு யார் சொல்வது? பிறந்ததிலிருந்து வலி என்பதே தெரியாத உடம்பு. அப்பாவிடமும் அம்மாவிடமும் சத்தமில்லாமல் ஒளிந்திருந்தது இவனிடம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர், அவளுக்கு வரவில்லை, அவளுக்குக் கதவிடுக்கில் விரல் மாட்டினால் ஊரே கூடும். வலிக்காதென்றால் கொடுத்துவைத்தவன்தானே என்பாள் சித்தி. அவளுக்கென்ன தெரியும், தூசி விழுந்தால் கண்ணீர் வராது, தூக்கத்தில் கசக்கினால் கீறல் விழும், கீறல் புண்ணாகும், புண் வெள்ளையாகும், அதுவரை இவன் செல்போன் பழுதுபார்க்கும் மேஜையில் ஈயப் புகைக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பான்.

வலது கண் அப்படித்தான் போனது. அவள் கல்லூரிச் சுற்றுலா போயிருந்த வாரம், கண் சிவந்திருக்கிறது, தூக்கமில்லை போலிருக்கிறது என்று அம்மா விட்டுவிட்டாள், வலிக்குதாடா என்று கேட்டுமிருக்கிறாள், இல்லம்மா என்று இவனும் சொல்லியிருக்கிறான், இவனிடம் போய்க் கேட்கிற கேள்வியா அது? அவள் திரும்பி வந்தபோது கருவிழி பால் ஊற்றிய மாதிரி இருந்தது, இப்போது அந்த இமையைப் பாதி தைத்து வைத்திருக்கிறார்கள். இனி இருப்பது இந்த இடது ஒன்றுதான். அம்மாவுக்குக் கை நடுங்கும், டார்ச் பிடிக்க வராது. பழகிக்கொள்வாள், பழகித்தானே ஆக வேண்டும்? வெளியூரில் வேலை கிடைத்தது சும்மாவா, போன தடவை வந்ததை இவன் ஆபரேஷனுக்காக விட்டாயிற்று, இதையும் விட்டால் பிறகு யார் கூப்பிடுவார்கள்... நீல டார்ச்சை அடித்தாள்.

பச்சை. கருவிழியின் ஓரத்தில், கடுகளவு. சாயம் சரியாகப் பரவவில்லையோ என்று மருந்து விட்டுக் கழுவி மறுபடி அடித்தாள், அதே இடத்தில் அதே பச்சை, கீறல்தான், புத்தம்புதிதும் இல்லை, ஓரம் மங்கலாகப் பரவியிருக்கிறது. இன்றே டாக்டரிடம் போனால் ஆறிவிடும். அம்மா தனியாக அழைத்துப் போவாளா? போக மாட்டாள், கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள், அப்புறம் பெட்டி பூட்டினால் என்ன, பூட்டாவிட்டால் என்ன. சுண்டு விரல் நுனிக்குள் அடங்குகிற ஒரு புள்ளி...

"என்னடி, கண்ணு சுத்தமா இருக்கா?" அடுப்படியிலிருந்து அம்மா.

"இருக்கும்மா." அவள் குரல்தான். எப்படி வந்தது? வண்டியில் ஏறியதும் போன் செய்து சொல்லிவிடலாம், பாதி வழியில் என்றால் திரும்பி வா என்று சொல்ல மாட்டார்கள், டாக்டரிடமும் நானே பேசிவிடலாம், சொல்லாமலா இருக்கப்போகிறேன், கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன், அவ்வளவுதானே... வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது. அவள் டார்ச்சை அணைத்தாள். அண்ணன் கன்னத்தில் வழிந்த சாயத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அம்மா காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினான்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்தே மங்கலாத்தான் தெரியுது... நீ கிளம்புற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாதுன்னு இருந்தேன்."