பத்தாவது ஆட்டம்

கேப்டனாகும்வரை மருதமுத்து நல்லவன்தான். இதை அவனுக்கு ஆகாதவர்களே ஒப்புக்கொள்வார்கள். கேப்டனான பிறகும் நல்லவனாகத்தான் இருந்தான் என்று சொல்ல ஒரே ஒரு ஆள் உண்டு. அது மருதமுத்து.

நெய்வேலியில் சம்பளம் வாங்கிக்கொண்டு பந்து உதைத்த முதல் அணி அது. கூரைக்குக் கீழே, மரத்தரையில், பக்கத்துக்கு ஐந்து பேராக ஆடுகிற கால்பந்து. யாரோ பெரிய மனிதர்கள் ஊருக்கு ஓர் அணி என்று லீக் தொடங்க, நெய்வேலி அணியைச் சிவப்பிரகாசம் ஏலத்தில் எடுத்தார். அவர் சுரங்க வேலைக்கு ஆள் அனுப்பும் லேபர் கான்ட்ராக்டர். பந்து உருண்டையாக இருக்கும் என்பதற்கு மேல் அவருக்கு அந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. பழுப்பு நிலக்கரி எடுக்கிற ஊர் என்பதால் அணிக்குப் ‘பழுப்புப் புயல்’ என்று பேர் வைத்தார். சில வருஷம் முன்னால் அடித்த ‘தானே’ புயலில் கூரையையும் முந்திரித் தோப்பையும் பறிகொடுத்த ஜனங்கள் போஸ்டரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

லீக்கின் விதிகளில் ஒன்றைப் பையன்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். சீசனின் பன்னிரண்டு ஆட்டத்தில் ஒருவன் பத்து ஆடிவிட்டால், அவனை அடுத்த மூன்று வருஷத்துக்கு அணி கழற்றிவிட முடியாது. உட்கார வைத்தாவது சம்பளம் கொடுக்க வேண்டும். லீக்காரர்கள் இதற்கு என்ன பேர் வைத்தார்களோ, நெய்வேலியில் இதற்கு ஒரே பேர்தான். பர்மனென்ட்.

அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் இருக்கிற மரியாதை சாமிக்குக்கூடக் கிடையாது. மருதமுத்துவின் அப்பா தனகோட்டி தலை நரைக்கும்வரை அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்டில் சாம்பல் அள்ளியவர். வேலை தொடர்ந்து நடந்தால் உரிமை கேட்பான் என்று அவரை அவ்வப்போது நிறுத்தி வைப்பார்கள். அதற்குப் பேர் பிரேக். பிரேக் முடிந்து போனால் புது ஆள் மாதிரி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிரேக் கொடுக்கக் கான்ட்ராக்டர் நேரில் வரமாட்டார். மேஸ்திரியை அனுப்புவார். தனகோட்டிக்கு அந்த மேஸ்திரிகள் ஒவ்வொருத்தர் பேரும் இன்றைக்கும் மறக்கவில்லை. தினமும் காலையில் பல் விளக்கும்போது வரிசையாகப் பேர் சொல்லித் திட்டுவார். மருதமுத்து அந்த வசவைக் கேட்டே வளர்ந்தவன். எப்படியாவது பர்மனென்ட் ஆகிவிட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

சீசன் தொடங்கிய கொஞ்ச நாளில் சிவப்பிரகாசம் அவனைத் தன் காருக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“தம்பி, இத்தினி பேரை மூணு வருஷம் வெச்சி சோறு போட நான் என்ன சத்திரமா நடத்தறேன்? ஒருத்தனும் பத்தைத் தொடக்கூடாது. எனக்கு இது புதுசில்ல. ஆனா நான் சொன்னா கத்துவானுங்க. நீ கேப்டன். நீ சொல்லு.”

“நான் சார்?”

“நீ தொடலாம். நீ ஒருத்தன் மட்டும். இது என் வாக்கு.”

சிவப்பிரகாசம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவர். மருதமுத்துவுக்கு அது தெரியும். இரவெல்லாம் யோசித்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான். காரிலேயே சரி என்று சொல்லிவிட்டான்.

அறிவுச்செல்வன் பயிற்சிக்குத் தாமதமாக வந்தான் என்று மூன்று ஆட்டம் உட்கார வைத்தான். கலைச்செல்வன் எதிர்த்துப் பேசினான். கம்மாபுரத்திலிருந்து வந்த கோல்கீப்பர் கொளஞ்சியப்பனுக்கு உடம்பு ஏறிவிட்டதாம். அவர்களும் மூன்று ஆட்டம் உட்கார்ந்தார்கள். பாக்கி இருந்தவர்கள் விஷயம் புரிந்து, காறித் துப்பிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மிச்சம் ஜுல்பிகர். குறிஞ்சிப்பாடிப் பையன். மருதமுத்துவோடு ஒரே பள்ளிக்கூடம், ஒரே மைதானம், ஒரு தட்டில் சாப்பிட்ட சிநேகம். நேரத்துக்கு வருவான், யாரையும் எதிர்த்துப் பேசமாட்டான், அணியில் அவனைவிட நன்றாக ஆடுகிறவனும் இல்லை. குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்காமல் தவித்து, கடைசியில் மருதமுத்து சொன்னான்:

“கணுக்கால் வீங்கியிருக்குடா. கொஞ்சம் பிரேக் எடுத்துக்க.”

ஜுல்பிகர் காலை நீட்டினான். “எங்கடா வீக்கம்? தொட்டுப் பாரு.”

மருதமுத்து வெட்கமே இல்லாமல் தொட்டுப் பார்த்தான். அழுத்தியும் பார்த்தான். “உள்வீக்கம்டா. வெளிய தெரியாது.”

ஜுல்பிகர் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனான்.

நடுவில் ஒரு கூத்து நடந்தது. பாதி மாநிலத்துக்கு விளக்கேற்றுகிற ஊரில், ஆட்டத்தின் நடுவே அரங்கில் கரண்ட் போனது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. முடியாத ஆட்டம் யார் கணக்கிலும் சேராது என்று நடுவர் விதியைப் படித்துக் காட்டினார். மருதமுத்துவுக்கு ஓர் ஆட்டம் அப்படிப் போனது. இன்னொன்று காய்ச்சலில் போனது. ஆக, சீசனின் கடைசி ஆட்டம்தான் அவனுக்குப் பத்தாவது.

அன்றைக்குத் தனகோட்டி பொங்கல் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

“இன்னிக்கு ஆட்டம் முடிஞ்சா பர்மனென்ட்தானடா?”

“ஆமாம்பா.”

“பிரேக்கு கீக்கு குடுத்துற மாட்டாங்களே?”

“யாரும் குடுக்க முடியாதுப்பா.”

உட்கார வைத்துத் திரும்பக் கூப்பிட்டவர்களையும் சேர்த்து இறங்க ஐந்து பேர்தான் இருந்தார்கள். மாற்று ஆட்கள் உட்காரும் பெஞ்சு காலி. மற்ற நான்கு பேரும் இனி எப்படி ஆடினாலும் பத்தைத் தொட முடியாது. ஆனாலும் முதல் பாதியில் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். பையன்கள் தங்கமானவர்கள் என்று மருதமுத்துவுக்கு மனசு இளகிப் போனது.

இரண்டாம் பாதியில் எதிரணி மதுரைக்காரன் அடித்த பந்து கொளஞ்சியப்பனைத் தாண்டியது. கோல் கோட்டில் நின்ற அறிவுச்செல்வன் அதை இரண்டு கையாலும் பிடித்தான். நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டினார். மருதமுத்து ஓடிப்போய் அவன் முதுகில் தட்டினான். “பரவால்லடா, கோலைக் காப்பாத்தத்தான பாத்த.” அறிவுச்செல்வன் வெளியே போனான்.

கொஞ்ச நேரத்தில் அதே கோட்டில் கலைச்செல்வன் பந்தைப் பிடித்தான். பிடித்ததோடு விடவில்லை, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். மறுபடியும் சிவப்பு அட்டை. அரங்கமே சிரித்தது. மருதமுத்து மட்டும் சிரிக்காமல் தலைகளை எண்ணினான். மூன்று பேருக்குக் குறைந்தால் ஆட்டம் நின்றுவிடும். பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். அதைக் காலி செய்தவன் அவன்தான்.

ஜுல்பிகரிடம் ஓடினான். “வேணாம்டா ஜுல்பி. இன்னும் அஞ்சு நிமிஷம்தான். அப்பா ஒக்காந்துகினு இருக்காரு பாரு.”

“பாத்தேன். வரும்போதே சலாம் சொன்னேன்.”

“உன் கால்ல விழறேன்டா.”

“எந்தக் கால்ல?” என்று கேட்டுவிட்டு ஜுல்பிகர் நடுவரைப் பார்த்துக் கையைத் தூக்கினான். “ஆட முடியல சார். கணுக்கால் வீக்கம்.”

நடுவர் குனிந்து அழுத்திப் பார்த்தார். “வீக்கம் எதுவும் இல்லையே தம்பி?”

“உள்வீக்கம் சார். வெளிய தெரியாது. எங்க கேப்டனைக் கேளுங்க, அவருதான் கண்டுபுடிச்சாரு.”

நடுவர் மருதமுத்துவைப் பார்த்தார். அவன் அப்பாவைப் பார்த்தான். ஜுல்பிகர் நொண்டக்கூட இல்லை. நிமிர்ந்து நேராக நடந்து வெளியே போனான். நடுவர் நீளமாக விசில் ஊதினார்.

சிவப்பிரகாசம் மட்டும் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு எழுந்து வந்தார். அவருக்கு இந்த ஆட்டம் முதல்முறையாகப் பிடித்துப்போயிருந்தது. “தம்பி, நான் வாக்குத் தவறல. நீயே பாத்தல்ல? ஒண்ணும் மனசுல வெச்சிக்காத. அடுத்த சீசன் புதுசா வா. நீதான் கேப்டன். புதுப் பசங்களா புடிச்சிக்கலாம்.”

மருதமுத்து தலையாட்டினான். அந்த நேரத்திலும் ஆட்டினான். பிறகு அப்பாவிடம் போனான்.

“இன்னாடா, முடிஞ்சிபோச்சா?”

“நின்னுபோச்சுப்பா. கணக்குல வராது.”

தனகோட்டிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் காலியான தரையைப் பார்த்தார்.

“அப்ப பிரேக்கு.”

“ஆமாம்பா.”

“யார்ரா மேஸ்திரி?”

கிழவர் அவன் கையைப் பிடித்து ஆறுதலாகத் தட்டிக்கொடுத்தார்.

“பேரைச் சொல்றா. காத்தால திட்டணும் இல்ல?”