கை தூக்கியவர்கள்

பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கத்தான் கடன் வாங்கிப் படித்தேன். கடனை ஒரு டாலர் பாக்கியில்லாமல் கட்டியும் முடித்தேன். கடன் கம்பெனி மட்டும் நான் இன்னும் தவணை தவறுவதாகக் கிரெடிட் ரிப்போர்ட்டில் போட்டுக்கொண்டே இருந்தது. கேட்டால், "சரிபார்த்தோம், சரியாகவே உள்ளது" என்று பதில். எவன் பார்த்தானோ, எதைப் பார்த்தானோ! வீட்டுக்கடன் கேட்ட வங்கியெல்லாம் கையை விரித்தது. சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மாவுக்குத் தோதாகப் படியில்லாத வீடொன்று டொலீடோ நகரில் விலைக்கு வந்திருந்தது. வெள்ளிக்கிழமை வரைதான் பொறுப்பேன் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

கம்பெனி மேல் நான் போட்டிருந்த வழக்கு திங்களன்று விசாரணைக்கு வந்தது. தீர்ப்புச் சொல்லும் ஜூரிக்குப் பொதுஜனத்திலிருந்து ஆள் பொறுக்கும்போது நீதிபதி கேட்டார்: "உங்கள்ல யாருக்காச்சும் படிப்புக் கடன் கம்பெனியோட தகராறு உண்டா?"

ஒரு கை உயர்ந்தது. அப்புறம் ஒரு வரிசை. அப்புறம் வந்திருந்த ஜனம் முழுக்க. கம்பெனி வக்கீல் விட்காம்ப் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்துபோனது.

தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு பெரியவர் எழுந்தார். "பொண்ணு கடனுக்கு ஜாமீன் போட்டேன். அவ கட்டிட்டா. ஆனா எனக்குக் கார் வாங்க ஒருத்தனும் கடன் தரமாட்டேங்கிறான்."

"பாரபட்சமில்லாம நடந்துக்குவீங்களா?" என்றார் நீதிபதி.

"பொய் சொல்லக்கூடாதுன்னு இப்பத்தானே சத்தியம் வாங்கினீங்க, ஐயா?"

இடைவேளை விட்டதும் விட்காம்ப் தாழ்வாரத்துக்கு ஓடி வந்தார். கொஞ்சம் பணம் தருவார்களாம், ரிப்போர்ட்டைத் திருத்துவார்களாம். நான் மட்டும் இதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக்கூடாதாம்.

"உள்ள போனா ஜெயிப்போம், ரொஷெல். ஆனா அப்பீல் அது இதுன்னு இழுத்தடிப்பானுங்க" என்றார் என் வக்கீல் கோர்ஸ்கி.

அம்மாவை நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

விட்காம்ப் கம்பெனிக்குப் போன் செய்தார். நான் காபி வாங்கி வருவதற்குள் திருத்தம் முடிந்திருந்தது. "சின்ன வேலைதாங்க" என்று பல்லைக் காட்டினார். இந்தச் சின்ன வேலைக்குத்தான் இரண்டு வருஷம் என்னை நாயாய் அலையவிட்டார்கள், வெட்கங்கெட்ட பிறவிகள்.

ஜூரிக்கு வந்தவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெரியவர் நேராக என்னிடம் வந்தார். "என்னம்மா, அந்தப் பயலுகளை மடக்கிட்டியா? எப்படின்னு சொல்லேன், நானும் செஞ்சு பாக்குறேன்."

விட்காம்ப் பக்கத்திலேயே நின்றார்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

பெரியவர் விட்காம்பைப் பார்த்தார். பிறகு என்னையும் அதே பார்வை பார்த்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.