முள்ளாய் எழும்பும் மருந்து

ஜெயரூபி இரண்டு கைகளாலும் காந்தத்தைக் கணவனின் தொடையில் அழுத்திப் பிடித்திருந்தாள். ஓமந்தைப் பக்கமிருந்து வந்த ஷெல் ஒன்று வயலுக்குள் விழுந்து வீட்டைக் குலுக்கியது. அவள் கை அசையவில்லை.

எடுத்தால் கோகுலன் செத்துவிடுவான். அவனுடைய தமையன் அப்புத்துரை அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பல்கலைக்கழக இரசாயனகூடத்தில் முன்பு வேலை பார்த்தவர் அவர். தம்பியின் தொடைக் கட்டியைக் கரைக்க ஜேர்மன்காரர் வழி கண்டிருக்கிறார்கள் என்று காலையில் ஒரு போத்தலைக் காட்டினார். உள்ளே கறுப்புத் திரவம். கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் மருந்தைச் சுமந்துகொண்டு இரத்தத்தில் ஓடுமாம். காந்தம் இருக்கும் இடத்தில் நிற்குமாம். கோயில் ஒலிபெருக்கியில் கழற்றிய காந்தத்தை அருகே கொண்டுபோனதும் திரவம் முள்முள்ளாய் எழும்பியது. விலக்கியதும் எண்ணெய்போலப் படுத்தது.

முதல்நாளே ஜெயரூபி பை கட்டத் தொடங்கியிருந்தாள். கோகுலனின் சாரங்கள், அவனுடைய மருந்துக் குளிசைகள்.

அப்புத்துரை குசினிக்குள் போய் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு வந்து குத்தினார். மிச்சத்தைக் கோப்பையில் வைத்தார். டொக்டரைக் கூட்டிவருவதாகச் சொல்லி, தம்பியின் உழவு மெசினில் ஏறினார்.

"நான் வருமட்டும் கையை எடுத்தியோ, அவ்வளவும் நெஞ்சுக்குத்தான் ஓடும்."

மத்தியானம் கருவாட்டு வியாபாரி வின்சன் சைக்கிளோடு வாசலில் நின்றான். ஊரில் வேறு ஒருவரும் இல்லை என்றான். காலை மடக்க முடியாத கோகுலனைக் கரியரில் ஏற்ற வழியில்லை, அவளாவது வரட்டும் என்றான். பெரியத்தான் டொக்டரோடு வந்துகொண்டிருப்பார் என்றாள் அவள்.

"அவர் புளியங்குளம் தாண்டியிட்டார், தங்கச்சி. டொக்டரைத் தேடிப் போறவர் ஆட்டுக்கல்லையும் ஏத்திக்கொண்டோ போறவர்?"

"கை விறைச்சுப்போச்சு அண்ணை. எண்டாலும் எடுக்கமாட்டன்."

கோகுலன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். வின்சன் போய்விட்டான்.

அடுத்த ஷெல் முற்றத்திலேயே விழுந்தது. காந்தம் தெறித்து உருண்டது. ஜெயரூபி அலறிக்கொண்டு கணவனின் நெஞ்சில் காதை வைத்தாள். அடித்தது. கொஞ்ச நேரம் பொறுத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். அப்புத்துரை எறிந்துவிட்டுப் போன ஊசி காந்தத்தில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் கோப்பை. காந்தத்தை எடுத்து அதன் விளிம்பில் வைத்தாள். கறுப்புத் திரவம் அசையவில்லை. ஒரு முள்கூட எழும்பவில்லை. விரலால் தொட்டுத் தேய்த்தாள். அடுப்புக்கரி.

"பெரியத்தான் எங்களை ஏமாத்திப்போட்டார். எழும்புங்கோ, பாயில வைச்சு இழுத்தெண்டாலும் கொண்டுபோறன்."

கோகுலன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"எங்களை இல்லை. உன்னை மட்டும்தான்," என்றான். "நீ பை கட்டினதைக் கண்டனான். விட்டிட்டுப் போகப்போறாய் எண்டு நினைச்சன். உன்னை இதில இருத்திப்போட்டுப் போகச்சொல்லி நான்தான் அண்ணரைக் கேட்டனான். உழவு மெசின் அதுக்குக் கூலியாக் குடுத்ததுதான்."