அறுபத்துமூன்றைப் போடச் சொன்னது நான்தான்

பிரேக்கர் பெட்டி எங்கள் வீட்டு வாசல் பக்கம். மருமகள் வெல்டிங் போடும் கொட்டகையோ கொல்லைக் கோடியில். அவள் தடித்த தகட்டில் கை வைத்தால் போதும், பிரேக்கர் டப்பென்று விழும். "அத்தே, தூக்கி விடுங்க!" என்று அங்கிருந்தே கத்துவாள். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை.

வயரிங் செய்தது அவளுடைய அண்ணன். நான் சும்மா இருப்பேனா? "உங்க அண்ணன் போட்ட பிரேக்கர் தும்முனாக்கூட விழுதேடி" என்று குத்திக்கொண்டே இருந்தேன்.

மோட்டார் ரிப்பேருக்கு வந்தவரை ஒருநாள் பிடித்தேன். "இதுல பெருசா ஒண்ணு மாட்டி விடுப்பா."

"வெல்டிங் பிளக் பாயின்ட் முப்பத்திரண்டு ஆம்பியர்தாம்மா. அதுக்கு மேல பிரேக்கர் போட்டா பாயின்ட் தாங்காது."

"வீடு என்னோடது. நீ மாட்டு."

தன் சாமான் பெட்டியில் கிடந்த பழைய அறுபத்துமூன்றை மாட்டிவிட்டுப் போனார். அதன்பின் விழவே இல்லை.

"அண்ணன் வந்து சரி பண்ணுச்சா அத்தே?" என்று மருமகள் சந்தோஷமாகக் கேட்டாள்.

"ம்" என்றேன்.

மூன்றாம் நாள் கொட்டகையிலிருந்து கருகல் நாற்றம். போய்ப் பார்த்தால் பாயின்ட் உருகித் தொங்குகிறது. பிளக்கைப் பிடுங்கப்போன மருமகளின் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. பிரேக்கர் மட்டும் குத்துக்கல்லாக நின்றது. நான்தான் போய் அணைத்தேன்.

அண்ணன் ஓடி வந்தார். "நீ செஞ்ச வேலையப் பாரு! இனிமே என் கொட்டகைப் பக்கம் வராத" என்று கையைத் தண்ணீரில் முக்கியபடியே திட்டினாள் மருமகள்.

அவர் பிரேக்கர் பெட்டியைத் திறந்தார். அறுபத்துமூன்று. என்னை ஒரு பார்வை பார்த்தார். "என் தப்புதான், விடு" என்றார் தங்கையிடம்.

தங்கை இந்த வீட்டில் வாழ வேண்டுமே, அதற்காகச் சொன்னார். அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"நில்லுப்பா. மாட்டச் சொன்னது நான். அவ கேட்டப்போ 'ம்'னு சொன்னதும் நான்."

மருமகள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. எழுந்துபோய் அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அவர் புதுப் பாயின்டும் முப்பத்திரண்டும் மாட்டும்வரை நான் டார்ச் பிடித்தேன். "நேராப் பிடிங்க அத்தே" என்றார். தங்கையிடம், "விழுந்தா மெஷின்ல கரன்டக் குறைச்சுக்கோ" என்றார்.

கை ஆறியதும் அவள் மறுபடி வேலைக்கு உட்கார்ந்தாள். டப்.

அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "அத்தே" வரவில்லை. கொல்லையிலிருந்து அவளே நடந்து வந்து, என்னைத் தாண்டிப்போய்த் தூக்கிவிட்டுத் திரும்பினாள்.